காணாமற் போனவரும் கணக்கிற் சேராதவரும்

ஜொகூர் பாருவினின்றும் நீரிணைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்லும் நம்மவர் நாள்தோறும் பல்லாயிரவர். பிழைப்பை நாடிச் செல்வோரும், பண்டம் வாங்கச் செல்வோரும், உறவினரைக் காணச் செல்வோருமாகிய அவர்களுள், பாலத்திற்கு அணித்தேயுள்ள கிராஞ்சி மேட்டில் இறங்கி நோக்குவோர் மிகச் சிலரே. அம்மேட்டின்மேல் ஒரு நினைவுக் கட்டடம் நிற்கின்றது. தூரத்திலிருந்து காண்பார்க்கு அஃது ஓர் ஆகாய விமானம் போலத் தோன்றும். அகன்று கிடக்கும் கூரை அதன் சிறகு. நடுவே 24 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்பது அதன் வால். கூரையைத் தாங்கும் தூண்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், இந்தியர் எனப் பல நாட்டவர் பெயர்களும் அவற்றுள் உண்டு. அவர்கள் அனைவரும் இரண்டாம் உலக யுத்தத்தில் மடிந்து, அடக்கம் செய்த இடம் இன்னதென்று அறியப்படாதவர்கள். 1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் தேதி அக்கட்டடம் திறந்து வைக்கப்பட்டது.

ஒரு விடுமுறை நாளில் நாம் அங்குச் சென்றிருந்தோம். தூண் தூணாகப் படித்துக்கொண்டு வந்த நமக்கு, ஆகாயப் படையினர் பெயர்கள் உள்ள இடத்தில் கால் நகரவில்லை. அப்பெயருடையாருட் சிலர் நாம் நாள்தோறும் நடக்கும் ஜொகூர் மண்ணின்மேல் பறந்து, அம்மண்ணிலோ அதனைச் சூழ்ந்த கடலிலோ வீழ்ந்தவர். நம் தோட்டங்களுக்கு மேலே, பால்மரங்களின் தலைக்கு மேலே நிகழ்ந்த போர் அது. ஆயினும், ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், 1940இல் லண்டன் மாநகரின் வானில் நிகழ்ந்த போரை மனப்பாடமாக ஒப்புவித்தோமேயன்றி, நம் தலைக்குமேல் நிகழ்ந்ததைப் பற்றி ஒரு வரியும் கற்றோமல்லோம். ஆகவே அச்சரித்திரத்தை முதலிற் சுருங்கச் சொல்வோம். அதிலிருந்து தோட்டத்தாரும் பட்டணத்தாரும் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அவர்களது சேனை ஜொகூர் எல்லையை அடைந்துவிட்டது. அவர்களுடைய வெற்றிக்குப் பல காரணங்கள் கூறப்படும். அவற்றுள் முதன்மையானது ஆகாயம் அவர்கள் கையில் இருந்ததே. மலாயாவைக் காப்பதற்கென்று பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பி வைத்திருந்த போர்விமானம் ‘பஃபலோ’ என்னும் அமெரிக்க விமானம். பெயரும் எருமை, மேலே ஏறும் வேகத்திலும் அஃது எருமையே. ஐரோப்பாவில் ஜெர்மானியரோடு பொருத இது தகாது என்று கருதப்பட்ட விமானம், கீழ்நாட்டிற்குப் போதும் என்று இங்கு அனுப்பப்பட்டது. ஜப்பானியரைக் குறைவாக மதித்த அகந்தையின் பயனை அவ்விமானங்களில் ஏறிய இளைஞர் அனுபவித்தனர். 21ஆம், 453ஆம் படைப்பிரிவினர் ஆஸ்திரேலியர். 488ஆம் பிரிவினர் நியூசிலாந்தினர். 243ஆம் பிரிவு பிரிட்டிஷ் பிரிவேயாயினும் அதன் விமானிகளுட் பெரும்பாலோர் நியூசிலாந்தினரே. இருபது வயதைச் சற்றே கடந்த பிள்ளைகள் அவர்களுட் பலர்.

அவர்கள் எல்லோரும் வெள்ளையர் என்று எண்ணிவிட வேண்டா. 243ஆம் பிரிவில் சார்ஜண்ட் பெர்ட் விபிட்டி என்பார் ஒருவர் இருந்தார். நியூசிலாந்தின் பூர்வகுடியாகிய மாவோரி இனத்தவர் அவர். 1942 ஜனவரி 10ஆம் தேதி, மிக உயரத்திற் பறந்து வேவு பார்க்க வந்த ஜப்பானிய விமானம் ஒன்றை அவரும் அவருடைய தோழரும் சேர்ந்து வீழ்த்தினர். சிங்கப்பூர் அவர்களைக் கொண்டாடிற்று. விபிட்டி மலாயாவிலிருந்து உயிருடன் மீண்டார். ஆயினும் 1943 அக்டோபரில் பிரான்சு தேசத்தின் வானில் மடிந்தார். தம் நாட்டிற்குப் பல்லாயிரம் மைல் தொலைவில், தாம் காணாத மன்னர்களின் போரில் உயிர் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஜனவரி 13ஆம் தேதி ‘ஹரிகேன்’ என்னும் மேலான விமானங்கள் 51, பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுடன் வந்த விமானிகள் 24 பேர். இரவு பகலாக அவற்றைப் பூட்டி, 20ஆம் தேதி அவற்றைப் போருக்கு எழுப்பினர். குண்டுவிமானங்களை அவை வீழ்த்தவே, இனி வானம் நமதே என்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அந்த முதல் நாளிலேயே அவர்களுக்குத் தலைவராயிருந்த ஸ்குவாட்ரன் லீடர் லாண்டெல்ஸ் வீழ்ந்து மடிந்தார். சில நாட்களில் வெற்றிக் களிப்பும் மறைந்தது.

இனி ஜொகூரின் கிழக்குக் கரைக்கு வருவோம். மெர்சிங்கிற்கு வடக்கே, பகாங் எல்லையை ஒட்டி, எண்டாவ் என்னும் சிற்றூர் இருக்கின்றது. 1942 ஜனவரி 26ஆம் தேதி காலை, இரண்டு ஜப்பானியச் சரக்குக் கப்பல்கள் போர்க்கப்பல்கள் புடைசூழ அவ்வூரை நோக்கி வருவதை வேவு விமானம் கண்டது. குளுவாங், காஹாங் என்னும் இரு ஜொகூர் ஊர்களிலும் பிரிட்டிஷார் அமைத்திருந்த விமானத் தளங்களைத் தம் விமானங்களுக்குப் பயன்படுத்தவேண்டிய ஆட்களையும் பொருள்களையுமே அக்கப்பல்கள் கொண்டு வந்தன. பிரிட்டிஷார் அமைத்த தளத்திலிருந்தே பிரிட்டிஷாரைத் தாக்குவதற்கான ஏற்பாடு அது.

அதனைத் தடுக்கச் சிங்கப்பூரில் எஞ்சியிருந்தவை ‘வில்டபீஸ்ட்’ என்னும் பழைய டார்பிடோ விமானங்களே. இரட்டைச் சிறகு, திறந்த இருக்கை, மணிக்கு நூறு மைல் வேகத்தை அரிதிற் கடக்கும் நடை. அவற்றை ஓட்டியவர்களோ முன்னிரவும் பறந்து களைத்தவர்கள். பிற்பகலில் 12 வில்டபீஸ்டுகளும் 9 ஹட்சன்களும் புறப்பட்டன. பஃபலோக்களும் ஹரிகேன்களும் துணை சென்றன. எண்டாவின்மேல் ஜப்பானியப் போர்விமானங்கள் காத்திருந்தன. ஐந்து வில்டபீஸ்டுகள் வீழ்ந்தன. அவற்றின் தலைவர்களுள் ஒருவராகிய ரோலண்ட் மாண்டார். அது போதாதென்று, மாலையில் மீண்டும் ஒரு கூட்டத்தை அனுப்பினர். அதிலும் ஐந்து வில்டபீஸ்டுகளும், அவற்றைப் போன்ற ‘ஆல்பகோர்’ இரண்டும் வீழ்ந்தன. மற்றொரு தலைவராகிய மார்க்கம் மாண்டார். கப்பல்கள் அடிபட்டும் மூழ்கவில்லை, சரக்கு இறங்கிற்று. வீழ்ந்த விமானங்களினின்றும் பிழைத்த சிலர் காட்டு வழியே நடந்து சிங்கப்பூரை அடைந்தனர். மற்றையோர் வரவில்லை. ஐந்து நாட்களில், ஜனவரி 31ஆம் தேதி, நீரிணைப் பாலம் வெடிவைத்து உடைக்கப்பட்டது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் பணிந்தது.

போர்விமானி காணாமற் போவதற்குத் தனிக்காரணம் உண்டு. குண்டுவிமானத்தில் பலர் செல்வர். ஒருவர் பிழைத்தாலும் மற்றவர் கதையை அவர் சொல்வார். போர்விமானத்திலோ ஒருவரே இருப்பார். வானத்தில் அவரவர் உயிருக்கு அவரவர் சுழன்றுகொண்டிருக்கும்போது, தோழன் எப்பக்கம் வீழ்ந்தான் என்று பார்ப்பதற்கு யாருக்குக் கண் உண்டு? மாலையில் தளத்திற்குத் திரும்பிய பின்னரே தலைகளை எண்ணுவர், ஒன்று குறையும். ‘மேகத்தினுள் நுழைந்தான், பின்னர்க் காணவில்லை’ என்று ஒருவர் சொல்வார். அவ்வளவே அவனது சரித்திரம். கடலில் வீழ்ந்தால் நீர் மூடும். ஜொகூர்க் காட்டில் வீழ்ந்தால் மரக்கிளைகளை முறித்துக்கொண்டு விமானம் உள்ளே மறைந்துவிடும். முறிந்த இடத்தை இரண்டு பருவ மழைக்குள் கொடியும் தழையும் மூடிவிடும். அப்பால் அதன்மேல் நூறு முறை பறந்தாலும் அது புலப்படாது.

இது தோற்றவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. மலாயாப் போரில் ஜப்பானியப் போர்விமானப் படையொன்றை நடத்திப் புகழ்பெற்ற காட்டோ டட்டேயோ என்பார், 1942 மே 22ஆம் தேதி வங்காள விரிகுடாவில் விமானத்துடன் வீழ்ந்து மடிந்தார். அவரைப் பற்றி 1944இல் ஜப்பானில் ஒரு படமே எடுத்தனர். வென்ற காலத்தும் தோற்ற காலத்தும் கடல் ஒரேவிதமாகவே மூடிற்று.

இனி நாம் கவனிக்க வேண்டுவது யாதெனில், அங்ஙனம் காணாமற் போனவர்களைப் பற்றி அவரவர் நாடு செய்தது என்ன என்பதே. ஒருவர் திரும்பி வராத அன்றே அவருடைய பெயருக்கு நேரே ‘காணாமற் போனார்’ என்று எழுதப்படும். பெற்றோருக்கோ மனைவிக்கோ தந்தி போகும். பல திங்கள் கழித்தும் செய்தியில்லையெனில் ‘மாண்டதாகக் கருதப்படுகின்றார்’ என்று மாற்றி எழுதப்படும். ஆயினும் அத்துடன் விட்டாரல்லர். யுத்தம் முடிந்தபோது பிரிட்டிஷ் ஆகாயப் படையின் கணக்கில் இவ்வாறு 41,881 பேர் இருந்தனர். அவர்களைத் தேடுவதற்கென்றே ஓர் இலாகாவை அமைத்து, பல தேசங்களுக்கும் ஆட்களை அனுப்பினர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று குடியானவரை விசாரித்தனர். சிதைந்த எந்திரத்தில் இருந்த எண்ணையும், துப்பாக்கியில் இருந்த எண்ணையும், மோதிரத்தையும், சட்டையில் வண்ணான் இட்ட குறியையும் கொண்டு, ‘இவர் இன்னார்’ என்று துணிந்தனர். ஓர் எண்ணைக் கொண்டு ஒரு மனிதனைக் கண்டார்கள் என்றால், அவ்வெண் முன்பே ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதன்றோ பொருள்?

இரண்டு உதாரணங்கள் கூறுவோம். ஒன்று நமக்கு அண்டை மாநிலத்தில் நடந்தது. யுத்தம் ஓய்ந்த பின்னர், 1945 ஆகஸ்டு 23ஆம் தேதி, காட்டில் மறைந்திருந்த படையினர்க்குப் பொருள் போடச் சென்ற ‘லிபரேட்டர்’ விமானம் ஒன்று நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் எண்மருடன் வீழ்ந்து மறைந்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னர் அதன் சிதைவுகள் காட்டினுள் காணப்பட்டன. 2012 அக்டோபர் 18ஆம் தேதி, அவ்வெண்மரின் எச்சங்களும் கோலாலம்பூர் செராஸ் சாலையிலுள்ள யுத்த மயானத்தில் உரிய மரியாதைகளுடன் அடக்கம் செய்யப்பட்டன. இடையே கழிந்தவை 67 ஆண்டுகள். பெற்றோர் இறந்தனர், உடன்பிறந்தாரும் பெரும்பாலும் இறந்தனர், ஏட்டிலிருந்த பெயர் இறக்கவில்லை.

மற்றொன்று இந்தியாவில் நடந்தது. 1965ஆம் ஆண்டு யுத்தத்தில், செப்டம்பர் 7ஆம் தேதி, பாகிஸ்தானத்துச் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்ற இந்திய விமானங்களுள் ஒன்று திரும்பவில்லை. அதனை ஓட்டியவர் குடகு நாட்டினராகிய ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. அவர் தனித்து நின்று, தம் விமானத்தினும் விரைவு மிக்க பகைவர் விமானம் ஒன்றை வீழ்த்திய பின்னரே வீழ்ந்தார் என்பதைத் தாய்நாட்டில் ஒருவரும் அறிந்திலர். 1979இல் பாகிஸ்தான் தரப்பை ஒட்டி ஆங்கில எழுத்தாளர் ஒருவர் எழுதிய நூலிலிருந்தே அவ்வுண்மைக்குத் துப்புக் கிடைத்தது. 1988இல், 23 ஆண்டுகளுக்குப் பின்னர், மகாவீர சக்கரம் என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது. காணாமற் போனவர் மீளவில்லை. அவருடைய செயல் மீண்டது. இதுவும் எதனால்? அவர் பெயருக்கு நேரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. விடை கிடைக்கும்வரை அக்கேள்வியை யாரும் அடித்துவிடவில்லை.

நேயர்களே, நாம் தொழிலால் ஒரு தோட்டத்துக் கிராணி. காலையில் பெரட்டு எடுப்பதும், செக்ரோலில் பெயர் பதிவதும், வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி இடுவதுமே நம் வாழ்க்கை. ‘வரவில்லை’ என்று ஒருவரை எழுத வேண்டுமானால், அவர் பெயர் முதலில் ஏட்டில் இருத்தல் வேண்டும். பெயரே இல்லாதவர் வரவில்லை என்பதை எந்தக் கிராணி அறிவார்? இந்த எளிய உண்மை கிராஞ்சியில் நின்றபோதுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று. ஏனெனில், அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நம் ஆபீசில் நடந்த ஒரு சம்பவம் நெஞ்சை விட்டு நீங்காதிருந்தது.

எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், பேரனைத் துணைக்கழைத்துக்கொண்டு பட்டணத்திலிருந்து வந்திருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது நம் தோட்டத்து லயத்தில். தம் தந்தைக்கு மூத்தவர், தாம் கண்ணாற் காணாத பெரியப்பா, ஜப்பான்காரன் காலத்தில் இத்தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டாராம். தந்தை சாகும்வரை அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். பெரியப்பா போன நாள் எது, அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று பழைய ஏட்டைப் பார்த்துச் சொல்லமுடியுமா என்பது அம்மூதாட்டியின் வேண்டுகோள். “பணங்காசு கேட்டு வரலீங்க ஐயா. பேரு ஒண்ணு இருந்தாப் போதும்” என்றார்.

அலமாரி முழுவதையும் இறக்கிப் பார்த்தோம். நம்மிடமுள்ள ஏடுகளுள் மிகப் பழையது 1946இல் தொடங்குகின்றது. அதற்கு முந்தியது ஒன்றுமில்லை. “இல்லை அம்மா” என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை, ஆயினும் சொன்னோம். அவர் தலையை அசைத்து, “அப்பாகிட்ட அப்பவே யாரும் சொல்லலீங்க” என்று கூறிப் புறப்பட்டுவிட்டார்.

அப்பெரியப்பா சென்ற இடத்தைப் பற்றி நேயர்கள் அறிவர். சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவில் தன்புசயாட் வரை 415 கிலோமீட்டர் தூரம் காட்டையும் மலையையும் ஊடறுத்து ஜப்பானியர் ஒரு ரயில்பாதை போட்டனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் அதனை முடித்தனர். அதில் உழைத்த யுத்தக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டவர். மாண்டோர் 12,000க்கு மேற்பட்டவர். உழைத்த ஆசியக் கூலிகளோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்பர். மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுபோகப்பட்டோர் 75,000 அளவினர். அவர்களுட் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டி அழைத்தனர். வாராதவரைப் பிடித்து ஏற்றினர். காலராவும் மலேரியாவும் பசியும் புண்ணும் அவர்களை வாரிக்கொண்டு போயின. கைதிகளுக்கு அவர்களுடைய படையைச் சேர்ந்த வைத்தியர் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், இறந்தவர் பெயரை மறைவிலேனும் எழுதிவைத்த கைகள் இருந்தன. ஆதலால் காஞ்சனபுரி மயானம் ஒன்றில் மட்டும் 7,000 அளவினருக்குத் தனித்தனியே கல் நாட்ட முடிந்தது. நம்மவர்க்கு வைத்தியரும் இல்லை, எழுதுகிறவரும் இல்லை. மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 என்பாரும் உளர். குறைத்துச் சொல்வாரும், கூட்டிச் சொல்வாரும் உளர். மாண்டவர் தொகையை மதிப்பாகச் சொல்ல நேர்ந்ததே, அவர்கள் எழுதப்படவில்லை என்பதற்குச் சாட்சி.

ஈண்டு நம் தொழிலுக்குரிய ஓர் உண்மையையும் மறைத்தல் தகாது. தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று ஜப்பானியர் தொகை விதித்தபோது, ‘இன்னின்னார்’ என்று பெயர் குறித்துக் கொடுத்தவர் பலவிடங்களில் கிராணிமாரும் கங்காணிமாருமே. அஞ்சிச் செய்தாரும் உண்டு. தமக்கு வேண்டியவரை விலக்கி வேண்டாதவரைச் சேர்த்தாரும் உண்டு என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆக, நம்மவர் பெயர் ஒருமுறை எழுதப்படவே செய்தது. அனுப்புவதற்கு எழுதினார்கள், திரும்பினாரா என்று பார்ப்பதற்கு எழுதவில்லை. போர்விமானி ஏறிச் சென்றபோது எழுதிய அதே கை, மாலையில் அவன் வருகையையும் எதிர்பார்த்தது. நம்மவரை ரயிலேற்றிய கை, ஏற்றியவுடன் ஏட்டை மூடிவிட்டது. இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடே, காணாமற் போனவர்க்கும் கணக்கிற் சேராதவர்க்குமுள்ள வேறுபாடு.

‘விமானிகள் வீரர், ஆயுதம் தாங்கி நின்றவர். நம்மவரோ மண் சுமந்த கூலிகள். இருவரையும் ஒப்பிடுதல் முறையோ?’ என்று சிலர் வினவக்கூடும். வீரத்தை நாம் ஒப்பிடவில்லை. அந்த இளைஞர்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமும் இல்லை; எண்டாவ் வானில் இறந்தவர்களை எண்ணும்போது நம் தலை தானே தாழ்கின்றது. நாம் கேட்பது வேறு. ஒரு மனிதன் இல்லாமற் போனால், இல்லை என்று எழுதத்தக்க மதிப்பு அவனுக்கு உண்டா, இல்லையா? விமானிக்கு உண்டு என்றால் மரம் வெட்டியவனுக்கும் உண்டு. ‘எல்லாம் தலைவிதி’ என்று நம்மவர் பெருமூச்செறிந்து அமைவர். அந்த எண்மரைக் காட்டிலிருந்து மீட்டது விதியன்று, ஏடு. தேவய்யாவுக்கு உரிய புகழை மீட்டதும் விதியன்று, எழுத்து.

‘இறந்தவர் இறந்தார், இத்தனை காலம் கழித்துப் பெயர் எழுதுவதாற் பயன் என்ன?’ என்று மற்றுஞ் சிலர் கேட்பர். பயன் இறந்தவர்க்கன்று, இருப்பவர்க்கு. அப்பா இறக்கும்வரை அண்ணனை எதிர்பார்த்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, தன் குலத்தார் இந்நாட்டின் சரித்திரத்தில் எங்கு நின்றனர் என்று கேட்கின்றது. அதற்கு விடையாக ஒரு பெயரேனும் காட்ட முடியாத சமூகம், தன்னைத்தானே இழிவாக மதிக்கப் பழகிவிடும். நம் இழிவுகளுள் இதுவும் ஒன்று என்று அறிக.

பெயரைக் கல்லில் எழுதுவது நமக்குப் புதியதும் அன்று. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் முறையை, கல்லைத் தேடிக் காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை, தொல்காப்பியம் படிப்படியாகக் கூறுகின்றது. ஆநிரை மீட்கச் சென்று மாண்ட சிற்றூர் மறவனுக்கும் அந்நாளில் கல் எடுத்தனர். அம்மரபில் வந்தவர் ஆயிரம் ஆயிரமாகச் சயாமில் மாண்டபோது அவர்களுக்கு வாய்த்தது என்ன? 1944இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். அதிற் பல மொழிகளில் எழுத்துகள் உள்ளன, தமிழும் உண்டு. தமிழ் மொழிக்கு அக்கல்லில் இடம் கிடைத்தது. தமிழன் ஒருவனது பெயருக்கு இடமில்லை. 2023இல், தாய்லாந்துத் தமிழர் முயற்சியால், காஞ்சனபுரியில் அத்தொழிலாளர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரேனும் அது நிகழ்ந்தமை போற்றத்தக்கதே. ஆனால் அக்கல்லின்மேல் எழுதுவதற்குரிய பெயர்களைத் தருதல் யார் கடன்? தாய்லாந்துத் தமிழர் கடனன்று. ஆட்களை அனுப்பிய தோட்டங்களின் கடன்; நம் கடன்.

ஆகவே நாம் வேண்டுவது இது. அன்று சயாமுக்குச் சென்றவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் இருக்கும்வரையே இவ்வேலை செய்யமுடியும். ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் குடிபெயர்ந்த ஒவ்வொரு பட்டணத்திலும், எழுத்தறிந்த ஓர் இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும். சென்றவர் பெயர், அவருடைய தந்தை பெயர், புறப்பட்ட தோட்டம், உடன் சென்றவர், திரும்பினாரா இல்லையா, இவற்றைச் சொன்னவர் யார் என்று ஆறு பத்திகள் கோடிட்டால் போதும். கேட்டதை மட்டும் எழுதட்டும்; கேளாததைக் கூட்டாதிருக்கட்டும். தெரியாத பத்தியை வெறுமையாக விடட்டும். வெறுமையாக விடப்பட்ட பத்தியும் ஒரு கேள்வியே. அக்கேள்விக்குப் பின்னொரு நாள் விடை வரலாம். சங்கங்களும் பள்ளிகளும் அவ்வேடுகளைத் தொகுத்துக் காக்கட்டும். கோயில் திருவிழாவிற்கு ஒரு வாரத்தில் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கவா பணமில்லை?

கிராஞ்சியை விட்டு நாம் புறப்பட்டபோது மாலையாகிவிட்டது. அக்கட்டடத்தின் சிறகு போன்ற கூரையின் நிழல் நீண்டு, கீழேயுள்ள கல்லறைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மறுநாட் காலை பெரட்டு முடிந்தபின், நம் ஆபீசில் ஒரு புதிய நோட்டை எடுத்து ஆறு பத்திகள் கோடிட்டோம். அம்மூதாட்டியின் பேரனுக்குத் தொலைபேசியிற் பேசி, அவர் பெரியப்பாவின் பெயரைக் கேட்டு முதல் வரியில் எழுதினோம். தந்தை பெயரும் கிடைத்தது. தோட்டம் நம் தோட்டமே. சொன்னவர் மூதாட்டி. திரும்பினாரா என்னும் பத்தியில் ‘இல்லை’ என்று எழுதினோம். உடன் சென்றவர் என்னும் பத்தியை வெறுமையாக விட்டிருக்கின்றோம். அந்தப் பத்தியை நிரப்பக்கூடியவர் இதனைப் படிக்கும் நேயர்களுள் ஒருவராயிருத்தல் கூடும்.